கதவைச் சாத்தியவன்

காலை ஆறரை மணி. மீன் நிறுவனத்தின் குளிர்கிடங்குக் கதவை வழக்கம்போல் முதலில் திறந்தவர், எல்லோரும் ‘பேக்கிங் அக்கா’ என்று கூப்பிடும் மேற்பார்வையாளர். பனிப்புகை காலடியில் புரண்டு வெளியேறியது. விளக்கைப் போட்டதும், கடைசி அடுக்கின் ஓரத்தில் யாரோ சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருப்பது தெரிந்தது. தலையிலிருந்து கால்வரை கனத்த போர்வை.

“யாருப்பா அது? இங்கயா வந்து தூங்குறது?”

பதில் இல்லை. அக்கா போர்வையை இழுத்தார். உள்ளே முதலாளி. இமைகளில் வெள்ளைப் பொடி. கை விரல்கள் மடங்கி விறைத்திருந்தன.

அலறல் கேட்டு ஓடிவந்தவர்களில் நிறுவனத்து லாரியை ஓட்டும் லாரிக்காரரும் ஒருவர். அவரும் சுமை ஏற்றும் இரண்டு பேருமாகச் சேர்ந்து முதலாளியைப் போர்வையோடு தூக்கி வெளியே கிடத்தினார்கள். வெளியே இருந்து சாத்தினால் தானாகத் தாழ் விழும் கதவு அது. உள்ளேயிருந்து திறக்க ஒரு கைப்பிடி உண்டு. அது உடைந்து வெகுகாலம் ஆகிவிட்டது. அதன் இடத்தில் ஓர் ஓட்டைதான் இருந்தது.

சற்று நேரத்தில் கிடங்குப் பொறுப்பாளன் வந்து சேர்ந்தான். கோடை நாளிலும் தடித்த கோட்டோடு திரிவதால் அவனுக்குக் கரடி என்று பேர். லாரிக்காரரின் தம்பி.

“நேத்து கதவைச் சாத்தினது யாரு?” பின்னாலேயே வந்த போலீஸ்காரர் கேட்டார்.

“நான்தான்.”

“உள்ளே பாத்தியா?”

“பாத்துட்டுத்தான் சாத்தினேன். யாரும் இல்ல.”

கரடியை யாரும் நம்பவில்லை. முந்தின நாள் மதியம் அவன் முதலாளியோடு போட்ட சண்டை ஊருக்கே கேட்டிருந்தது. கைப்பிடியை மாற்றித் தரச் சொல்லி எத்தனையோ தடவை கேட்டு அலுத்தவன், அன்று கத்திவிட்டான். “ஒரு நாள் நீங்களே உள்ள மாட்டிக்கிட்டாத்தான் உங்களுக்குப் புத்தி வரும்!”

அந்த ஒரு வாக்கியத்தை அரசு வக்கீல் வழக்கு முழுக்க விடாமல் சொன்னார். தீர்ப்பு: ஆயுள் தண்டனை.

*

மேல்முறையீடு மட்டுமே நடத்தும் ஒரு பெண் வக்கீல் இருந்தார். அவருடைய அறை குறுகலானது. மேஜைக்கு இந்தப் பக்கம் ஒரே ஒரு நாற்காலி. லாரிக்காரர் அதில் உட்காராமல் நின்றார்.

“தம்பியை எப்படியாவது வெளியே கொண்டாந்துடுங்க மேடம்.”

“முதல்ல ஒண்ணு புரிஞ்சுக்கோங்க. அப்பீல்னா கேஸை மறுபடியும் முதல்லேர்ந்து நடத்துறது இல்ல. நான் சாட்சியைக் கூப்பிட்டுக் குறுக்கு விசாரணை பண்ண முடியாது. கீழ்க் கோர்ட்டுல என்ன பதிவாச்சோ, அதுக்குள்ளதான் தப்பைக் கண்டுபிடிக்கணும்.”

“அப்போ... யாரு சாத்தினாங்கன்னு நாம கண்டுபிடிச்சுச் சொல்லணுமா?”

“தேவையில்ல. உங்க தம்பிதான்னு அவங்க சரியா நிரூபிக்கலன்னு காட்டினாப் போதும்.”

லாரிக்காரர் பெருமூச்சு விட்டார். நல்ல சேதி கேட்டவரின் பெருமூச்சு போல இருந்தது. ஆனாலும் உட்காரவில்லை.

வக்கீலம்மா சாட்சியங்களைப் படித்தார். எடுபடக்கூடிய இரண்டு சட்டக் காரணங்கள் கிடைத்தன. கோபத்தில் சொன்ன வார்த்தைக்கு நீதிபதி அளவுக்கு மீறி எடை கொடுத்தது ஒன்று. முதலாளி எப்போது கிடங்குக்குள் போனார் என்று ஒருவரும் சொல்லாதது இன்னொன்று. அவற்றை வைத்து மனுவை எழுதியும் முடித்துவிட்டார். கோப்போடு வந்த, போலீஸ் எடுத்த படங்கள் மசமசவென்று கறுப்பு வெள்ளை நகல்கள். மூலப் படங்களைப் பார்வையிட அனுமதி கேட்டது ஒரு கடமைக்குத்தான்.

வண்ணப் படத்தில் போர்வை பழுப்பு நிறம். பஞ்சு வைத்துக் குறுக்கும் நெடுக்கும் தைத்தது. நான்கு மூலைகளிலும் பித்தளை வளையம் பதித்த துளைகள். ஒரு துளையில் துண்டுக் கயிறு தொங்கியது.

போர்த்திக்கொள்ளும் போர்வைக்கு எதற்கு வளையம்?

கோப்பை மறுபடியும் முதல் பக்கத்திலிருந்து திறந்தார். அக்காவின் சாட்சியத்தில் ஒரு வரி. “முந்தின நாள் காலை லாரியில் லோடு ஏற்றி, மூடி போட்டு, நாலு மூலையும் இழுத்துக் கட்டி அனுப்பினேன்.” இந்த வரியை அவர் முன்பே படித்திருந்தார். பெட்டியின் மூடி என்று நினைத்துத் தாண்டிப் போயிருந்தார். லாரிக்காரரின் சாட்சியம் அதற்குப் பின்னால் இருந்தது. “இருட்டிய பிறகுதான் திரும்பினேன். என் தம்பி அதற்கு முன்பே வீட்டுக்குப் போய்விட்டான். லாரியை நிறுத்திவிட்டு, வாட்ச்மேனிடம் சாவியைக் கொடுத்துவிட்டு நேரே வீட்டுக்குப் போனேன். கிடங்குக்குள் போகவில்லை.”

வக்கீலம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவருக்குத் தன்மேலேயே கோபம் வந்தது.

*

சிறையில் பேசும் அறை. கோட்டு இல்லாத கரடி பாதி ஆளாகத் தெரிந்தான்.

“கிடங்குக்குள்ள போர்வை எதுவும் வச்சிருப்பீங்களா?”

“துணியே உள்ள விடமாட்டேன் மேடம். ஈரம் பட்டா கல்லாயிடும்.”

“அப்போ முதலாளி மேல இருந்தது?”

“என்னமோ போர்வைன்னு கோர்ட்டுல சொன்னாங்க. அவர் கொண்டு வந்ததோ என்னமோ. படத்தை ஜட்ஜய்யாகிட்டதான் காட்டினாங்க, எனக்குக் காட்டல.”

வக்கீலம்மா படத்தை அவன் முன் வைத்தார். கரடி குனிந்து பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு படத்தை மெதுவாகத் தள்ளி வைத்தான்.

“இது என்னன்னு தெரியுதா?”

“தெரியல.”

“நல்லாப் பாருங்க.”

“அதான் தெரியலன்னு சொல்றேனே!” குரல் உயர்ந்து சட்டென்று தணிந்தது. “மேடம், இந்த அப்பீல் வேண்டாம்.”

“என்னது?”

“வாபஸ் வாங்கிடுங்க. அண்ணனுக்கு ரெண்டு பொம்பளப் பிள்ளைங்க. எனக்கு யாரு இருக்கா?”

“அண்ணன் பேச்சே இப்ப வரலையே.”

கரடி வாயை மூடிக்கொண்டான். அடுத்த தடவை வரும்போது வாபஸ் மனுவில் கையெழுத்துப் போடுவதாக மட்டும் சொன்னான்.

*

அடுத்த நாள் காலை மீன் நிறுவனத்தின் முற்றம். அக்கா கையுறையைக் கழற்றாமலே வக்கீலம்மாவிடம் பேசினார்.

“மூடின்னு சொன்னீங்களே, அது என்ன?”

“லோடு மேல போடுற மெத்தை மாதிரி மூடிங்க. குளிர் போகாம இருக்க.”

“எத்தனை இருக்கு?”

“அந்த லாரிக்கு ஒண்ணுதான். அது அப்புறம் காணாமப் போச்சு. புதுசு வாங்கினோம்.”

“எப்பக் காணாமப் போச்சு?”

“அந்தச் சமயத்துலதான்...” அக்கா நிறுத்தினார். வக்கீலம்மா நீட்டிய படத்தைப் பார்த்தார். கையுறைக் கையால் வாயைப் பொத்திக்கொண்டார். “ஐயோ. நான்தானே அதைப் பிடிச்சு இழுத்தேன். முகத்தைத்தான் பாத்தேன். கையில என்ன இருக்குன்னு பாக்கவே இல்லையே!”

*

மாலை நான்கு மணிக்கு லாரிக்காரர் வக்கீல் அறைக்கு வந்தார். அவராகத்தான் வந்தார்.

“தேதி ஏதாவது போட்டாங்களா மேடம்?”

கட்சிக்காரன் வழக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டான். ‘இன்னும் இல்லை’ என்று சொல்லி இவரை அனுப்பிவிட்டால் அவன் சொல்லைக் காப்பாற்றியதாக ஆகும். அவன் சாகும்வரை உள்ளேயே இருப்பான்.

“உக்காருங்க. இன்னிக்கு நீங்க உக்காந்துதான் ஆகணும்.”

லாரிக்காரர் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

“பேசுறதுக்கு முன்னாடி ஒரு விஷயம். என்னை அமர்த்தினது நீங்க. ஆனா நான் வக்கீல் உங்க தம்பிக்கு மட்டும்தான். நீங்க இங்க சொல்றதை மறைச்சு வைக்க எனக்குக் கடமை இல்ல. உங்களுக்குன்னு வேற வக்கீல் வச்சுக்கோங்க. அதுவரைக்கும் வாயைத் திறக்காம நான் சொல்றதைக் கேட்டாப் போதும்.”

லாரிக்காரர் தலையாட்டினார்.

“முதலாளி ஒரு போர்வைக்குள்ள செத்துக் கிடந்தார். குளிருக்குப் போத்திக்கிட்டார்னு எல்லாரும் புரிஞ்சுக்கிட்டாங்க. அது எங்கேருந்து வந்துச்சுன்னு ஒருத்தரும் கேக்கல. போலீஸ் அதைப் போர்வைன்னு எழுதினாங்க, அக்கா மூடின்னு சொன்னாங்க. பேரு ரெண்டு, பொருள் ஒண்ணு. அது முந்தின நாள் காலைல உங்க லாரியோட வெளிய போச்சு. உங்க தம்பி கதவைச் சாத்திட்டு வீட்டுக்குப் போறப்ப, அது ஏதோ ஒரு ரோட்டுல ஓடிக்கிட்டு இருந்தது. லாரி திரும்பி வந்ததுக்கு அப்புறம்தான் அது கிடங்குக்குள்ள போயிருக்க முடியும். அப்படின்னா உங்க தம்பி சாத்தின கதவு மறுபடியும் திறந்திருக்கு. மறுபடியும் ஒருத்தர் சாத்தியிருக்கார். லாரியில வந்த ஆள் ஒருத்தர்தான்.”

அவர் குரலைத் தாழ்த்தினார். “முதலாளி உள்ள இருக்கும்போது கதவைச் சாத்தினது நீங்க.”

லாரிக்காரர் மறுக்கவில்லை. வாயைத் திறக்காமல் இருக்கவும் அவரால் முடியவில்லை.

“ஒரு கடையில நாலு பெட்டி மீனை வேண்டாம்னு திருப்பி அனுப்பிட்டாங்க மேடம். மூடியோட சேத்து உள்ள தள்ளிட்டு வந்தேன். கதவு திறந்து கிடந்துச்சு. லைட்டும் எரிஞ்சுது. அவரு கடைசி அடுக்குக்குப் பின்னால சரக்குப் பாத்துக்கிட்டு இருந்திருக்கணும். நான் தம்பி மறந்துட்டான்னு நெனச்சேன். மதியம்தான் சண்டை. கதவைத் திறந்து போட்டுட்டுப் போனது தெரிஞ்சா வேலை போயிடும். அவனைக் காப்பாத்துறதா நெனச்சுத்தான் லைட்டை அணைச்சேன். சாத்தினேன். லாரி இன்ஜின் ஓடிக்கிட்டே இருந்துச்சு. அவர் தட்டியிருந்தாலும் கேட்டிருக்காது.”

“எப்ப தெரிஞ்சுது?”

“காலைல தூக்கும்போது. மூடியோட ஒரு முனை என் கையில இருந்துச்சு.”

“அப்பவே சொல்லியிருக்கலாமே?”

“சொல்லத்தான் போனேன். அதுக்குள்ள அவன் ‘நான்தான் சாத்தினேன்’னுட்டான். விசாரிச்சுட்டு விட்டுடுவாங்கன்னு நெனச்சேன். விடல. கோர்ட்டு விட்டுடும்னு நெனச்சேன். சாட்சிக் கூண்டுல உள்ள போகலன்னு பொய் சொல்லிட்டேன். அப்புறம் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு மாத்திச் சொல்றது? உங்களைத் தேடிப் பிடிச்சேன். நீங்க அவனைக் கொண்டாந்துட்டா, நான் எதுவுமே சொல்ல வேண்டியிருக்காதுன்னு...”

வெளியே யாரோ மாடிப்படி இறங்கிப் போகும் சத்தம் கேட்டது.

“தம்பிக்கு இது தெரியுமா மேடம்?”

“என் கட்சிக்காரர் என்கிட்ட பேசினதை நான் வெளிய சொல்றதில்ல.”

லாரிக்காரர் அவர் முகத்தையே பார்த்தார். தம்பிக்குத் தெரியாது என்றால், வக்கீலம்மா தெரியாது என்றே சொல்லியிருப்பார். லாரிக்காரர் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். அழுகை விரல்களுக்கு நடுவே ஒழுகியது.

வக்கீலம்மா தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார். கட்சிக்காரன் சொல்லை அவர் நேரடியாக மீறவில்லை. முழுக்கக் காப்பாற்றவும் இல்லை. அந்த உறுத்தல் அவரோடு வெகுநாள் இருந்தது.

*

லாரிக்காரர் வேறொரு வக்கீல் மூலம் வாக்குமூலம் கொடுத்தார். அதற்குப் பிறகு கரடிக்குக் காப்பாற்ற எதுவும் மிச்சமில்லை. வாபஸ் மனு கையெழுத்தாகவே இல்லை.

இரண்டு நீதிபதிகள் முன் மேல்முறையீடு வந்தது. அரசு வக்கீல் எழுந்தார்.

“இது புது ஆதாரம். இந்தக் கட்டத்தில் அனுமதிக்கக் கூடாது.”

“வாக்குமூலத்தை ஒதுக்கி வைத்துவிட்டே வாதாடுகிறேன்,” என்றார் வக்கீலம்மா. “போர்வை புது ஆதாரம் இல்லை. முதல் நாளிலிருந்து கோப்பில் இருக்கிறது. அதை யாரும் சரியாகப் படிக்கவில்லை. முதல் தடவை நானும்தான்.”

மூத்த நீதிபதி படத்தை வாங்கிப் பார்த்தார். பிறகு அக்காவின் சாட்சியத்தைத் தானே ஒரு தடவை வாய்விட்டுப் படித்தார். ‘நாலு மூலையும் இழுத்துக் கட்டி’ என்ற இடத்தில் நிறுத்தினார்.

தண்டனை ரத்தானது. கரடி வெளியே வந்தான். லாரிக்காரர் மீது கவனக்குறைவால் மரணம் விளைவித்ததாகவும் பொய்ச்சாட்சி சொன்னதாகவும் வழக்குப் போட்டார்கள்.

அந்த வழக்கின் முதல் நாள். கோர்ட் தாழ்வாரத்து பெஞ்சில் லாரிக்காரர் தனியாக உட்கார்ந்திருந்தார். கரடி வந்து எதிரே நின்றான். வெளியே வந்ததிலிருந்து அவன் அண்ணனோடு ஒரு வார்த்தைகூடப் பேசியிருக்கவில்லை.

“சாத்துறதுக்கு முன்னாடி ஒரு குரல் குடுத்திருக்கலாம்ல?”

“குடுத்தேன்டா.” லாரிக்காரர் தலை நிமிரவில்லை. “‘டேய் தம்பி, உள்ள இருக்கியா?’ன்னு ரெண்டு தடவை கத்தினேன். பதில் வரல.”

கரடி ஓர் அடி நெருங்கி வந்தான்.

“‘முதலாளி’ன்னு கூப்பிட்டிருந்தா அவரு பதில் குடுத்திருப்பாரோ?”

உள்ளேயிருந்து வழக்கு எண்ணைக் கூப்பிட்டார்கள். லாரிக்காரர் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். கரடி அவருடைய முழங்கையைப் பிடித்துக்கொண்டான். இருவரும் உள்ளே போனார்கள்.