பட்டனுக்கும் தாவலுக்கும் நடுவே

மழைக்குப் பயந்து ஓடிவந்தவள் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடையின் கண்ணாடிக் கதவைத் தள்ளிய அதே நொடியில், உள்ளேயிருந்து யாரோ அதை இழுத்தார்கள். தடுமாறி விழப்போனவள், எதிரே நின்றவன் கையிலிருந்த கீபோர்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“மேடம்... இது ரிப்பேருக்கு வந்தது. விட்டீங்கன்னா பிழைச்சுக்கும்.”

அவள் விட்டாள். துப்பட்டாவுக்குள் பொத்திக்கொண்டு வந்த லேப்டாப்பை மேஜையில் வைத்தாள்.

“பழைய கேம் விளையாடணும். அந்த கேம் மெஷின் செத்துப்போச்சு, டிஸ்க் மட்டும் நல்லா இருக்கு. எமுலேட்டர்னு ஒண்ணு போட்டா கம்ப்யூட்டர்லயே ஓடுமாமே... எது நல்லது?”

“கம்ப்யூட்டரைப் பழைய மெஷின் மாதிரி நடிக்க வைக்கணும், அவ்வளவுதானே? நிறைய இருக்கு. ஒண்ணு, பார்க்க சுமார்... ஆனா லேசா ஓடும். இன்னொண்ணு, படத்தைப் பளபளன்னு மாத்திக் காட்டும். யாருக்கு? உங்களுக்கா?”

“எங்க அண்ணனுக்கு.”

அதைக் கேட்டு அவன் நிமிர்ந்து பார்த்தான். மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பது அவள் வேலை. நாள் முழுக்க எத்தனையோ கண்கள்... எல்லாம் அவளைத் தாண்டிச் சுவரிலிருக்கும் எழுத்துகளைத்தான் பார்க்கும். இந்தக் கண்கள் தாண்டிப் போகவில்லை. அவள்தான் அவசரமாக மழையைப் பார்த்தாள்.

அண்ணன் கிரேன் ஓட்டுகிறவன். பைக்கிலிருந்து விழுந்து மணிக்கட்டு முறிந்து, இப்போதுதான் கட்டுப் பிரித்திருந்தார்கள். மறுபடி கிரேனில் ஏற்றும் முன் கம்பெனியில் அவன் கையைச் சோதிப்பார்கள். விரல்கள் பழக விளையாட்டு நல்லது என்று மருத்துவர் சொன்னதும், சின்ன வயதில் அவனை யாராலும் ஜெயிக்க முடியாத அந்த கேம் நினைவு வந்தது அவளுக்கு.

மறுநாள் லேப்டாப் வந்தது. திரையில் அப்படியொரு அழகு! அண்ணன் ஆசையாக உட்கார்ந்தான். பள்ளத்தைத் தாண்ட பட்டனை அழுத்தினான். பொம்மை பள்ளத்தில் விழுந்தது. மறுபடியும் விழுந்தது.

கன்ட்ரோலரைக் கீழே வைத்தான்.

“குட்டி... கை போச்சுடி. நான் அழுத்தினேன்னு நினைக்கிறேன், ஆனா லேட்டாகுது. கிரேன்ல இப்படி ஆச்சுன்னா கீழ நிக்கிறவன் என்ன ஆவான்? கம்பெனியில சொல்லிடறேன், கீழயே ஏதாவது வேலை குடுங்கன்னு.”

அவள் கடைக்கு ஓடினாள்.

“நீங்க போட்டதுல ஏதாவது லேட்டாகுமா? அண்ணன் அடிபட்ட கை போச்சுன்னு நினைக்கிறார்.”

கடையில் நாலு பேர் இருந்தார்கள். அவன் முகம் இறுகியது. “என் வேலையில குறை இருக்காது மேடம். அடிபட்ட கை... கொஞ்சம் ஸ்லோவாத்தான் இருக்கும்.”

அவள் சட்டென்று வெளியேறினாள். திரும்பி நடக்கும்போதுதான் கண் கரித்தது. யாரோ ஒரு கடைக்காரன்... அவன் சொன்னதற்கு எனக்கு ஏன் இப்படிப் பொங்குகிறது? வீடு வரும்வரை தன்னையே கேட்டுக்கொண்டு வந்தாள். பதில் தெரிந்தும் தெரியாதவள்போல.

அடுத்த நாள் மதியம், ரிப்பேர் ரசீதில் அவள் எழுதியிருந்த முகவரியைத் தேடி வந்து, அவளுடைய பரிசோதனை நாற்காலியில் உட்கார்ந்தான் அவன்.

“எந்த எழுத்து தெரியுது?” என்றாள், முகம் பார்க்காமல்.

“தப்பு தெரியுது.” போனை நீட்டினான். “உங்க லேப்டாப் மாதிரியே பழசு ஒண்ணுல அதையே போட்டு, என் விரலையும் திரையையும் சேர்த்து ஸ்லோமோஷன்ல எடுத்தேன். பாருங்க... நான் அழுத்தியாச்சு. பொம்மை இன்னும் நிக்குது. இப்பத்தான் தாவுது. அந்தப் பளபளப்பைத் தூக்கிச் சுமக்க லேப்டாப்பால முடியல. உங்க அண்ணன் கை சரியாத்தான் இருக்கு. நான்தான் சரியில்ல.”

“இதை அவர்கிட்ட சொல்லுங்க. இன்னைக்கே.”

மாலையில் அவன் வீட்டுக்கு வந்து, அழகானதை எடுத்துவிட்டு லேசானதைப் போட்டான். திரை மங்கலாகி, உருவங்கள் கட்டம் கட்டமாகத் தெரிந்தன. அண்ணன் நம்பிக்கையில்லாமல் பட்டனை அழுத்தினான். பொம்மை தாவியது! அடுத்த பள்ளம்... அதற்கடுத்தது...

“அடேய்!” என்று கத்தினான் அண்ணன். “தம்பி, ஒரு நாள் முழுக்க என்னை அழவச்சிட்டியே, பாவி!” சொல்லும்போதே சிரித்தான். அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை நாளாயிற்று!

வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே நின்றான் அவன். மாட்டி முடிக்கவேயில்லை.

“எது லேசா ஓடும்னு எனக்கு அன்னைக்கே தெரியும்ங்க.”

“அப்புறம் ஏன் அதைப் போடல?”

“திரையைப் பார்த்ததும் நீங்க அசந்துபோகணும்னு... அதனால பளபளப்பைப் போட்டேன். தொழில் தெரிஞ்சவன் செய்யக்கூடாத வேலை. உங்களைப் பிடிச்சுப்போச்சு... புத்தி வேலை செய்யல.”

உள்ளே அண்ணன் எதையோ ஜெயித்து ஆர்ப்பரித்தான். அவள் கதவு விளிம்பை நகத்தால் சுரண்டினாள்.

“நேத்து நீங்க அப்படிச் சொன்னப்போ... வேற யாராவது சொல்லியிருந்தா அங்கேயே கிழிச்சுத் தொங்கவிட்டிருப்பேன்.”

“ஏன் விட்டீங்க?”

“சண்டை போடக்கூட வாய் வரல. வீடு வரைக்கும் அழுதுட்டே வந்தேன்... யாரோ ஒருத்தருக்காக யாராவது அப்படி அழுவாங்களா?”

அவன் கண்கள் மெல்ல அகன்றன. இந்த முறை அவள் பார்வையை எடுக்கவில்லை.