வரைபடத்தில் வந்த கால்வாய்

"போன வருசம் இந்தக் கால்வாய் இதுல இல்லீங்க." அமீனா பீவி பழைய நில அளவை வரைபடத்தைத் துப்பறியும் தேசிகனின் மேசையில் விரித்தாள். "நாளைக்குத் தாசில்தார் பாத்தாருன்னா என் கடலைக் கொல்லைய ரெண்டா வெட்டிடுவாங்க. அது போச்சுன்னா எனக்கு வேற சோறு இல்ல."

திருப்போரூருக்கு மேற்கே, ஏரிக்கும் பின்புற நிலங்களுக்கும் நடுவில் இருந்தது அவள் கொல்லை. வெள்ளைக்காரன் காலத்துக் கால்வாய் அதில் தூர்ந்து கிடக்கிறது, திறந்துவிட வேண்டும் என்று பின்புற நிலக்காரர்கள் மூவர் மனு கொடுத்திருந்தார்கள். மனுவுக்கு ஒரே சாட்சி அவளிடமிருந்த இந்த வரைபடம்; மூவரும் வெவ்வேறு சமயம் அதை இரவல் வாங்கியவர்கள்தான்.

ஏரியிலிருந்து கிளம்பிய நீலக் கோடு, எண் போட்ட உயரக் கோடுகளை ஒழுங்காக வெட்டிக்கொண்டு போனது. தொண்ணூறு, நூறு, நூற்றுப்பத்து.

"மூணு பேரும் கூட்டு சார்," என்றான் தேசிகனின் உதவியாளன் ஜலாலுதீன். அவன் யாரையும் நம்புவதில்லை.

"கோடு போட்டது ஒருத்தன்தான்," என்றார் தேசிகன்.

மறுநாள் செங்கற்பட்டு தாலுகா ஆபீஸ் வராந்தாவில் மூவரும் காத்திருந்தார்கள். பூகோள வாத்தியார் ஸ்ரீனிவாசராகவன். ஏர் பிடிக்கும் முனிசாமி. துறைமுகத்தில் கடலாழம் அளக்கும் படகில் காலம் தள்ளிவிட்டு, தண்ணீர் உண்டென்ற தரகர் பேச்சை நம்பி நிலம் வாங்கிய ராஜகோபாலன்.

தேசிகன் வரைபடத்தை நீட்டினார். "இதுல ரொம்பப் பள்ளமான இடம் எது?"

ராஜகோபாலன் முந்திக்கொண்டார். அவர் விரல் நூற்றுப்பத்தில் நின்றது.

வாத்தியார் திடுக்கிட்டார். "ஓய், அது உச்சி மேடு!"

"மடிப்பு வெடிப்புக்குள்ள மை இறங்கியிருக்கு. புதுக் கோடு," என்றார் தேசிகன். "வாத்தியார் போட்டிருந்தா தண்ணியை மேடேற விடமாட்டார். முனிசாமிக்கு மழைத்தண்ணி ஓடுற பக்கம் தெரியும். கடல் படத்துல எண் கூடினா ஆழம். நிலப் படத்துல உயரம். பழக்கம் உங்களை விடல, ராஜகோபாலன்."

"நிலம் பார்வைக்குச் சமமாத்தானே இருந்தது..." ராஜகோபாலன் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

முனிசாமி முறைத்தான். "இன்னா அண்ணாத்த, படத்துல பழைய கால்வா கீது, தோண்டினா தண்ணி வரும்னு சொல்லித்தான என் கைநாட்டு வாங்கினே? நானும் நம்பித் தொலைச்சேனே!"

சேவகன் அமீனா பீவியின் பெயரைக் கூப்பிட்டான். ஜலாலுதீன் பையிலிருந்து மை அழிக்கும் ரப்பரை எடுத்தான்.

"அழிக்காதீங்க தம்பி," என்று வரைபடத்தைச் சுருட்டிக்கொண்டாள் அவள். "தாசில்தார் இத அப்படியே பாக்கட்டும்."