எலும்புப் பசையும் பழகிய மூக்கும்

துப்பறிவாளர் வீட்டுக்கு வந்தவர் அழவில்லை. அழுது முடித்துவிட்டு வந்திருந்தார். அமைச்சருடைய மனைவியின் தம்பி அவர்.

"பசை ஃபேக்டரியில கொதிகலன் வெடிச்சு ரெண்டு பேர் போயிட்டாங்க சார். முதலாளி நான்தான்னு என்னை உள்ளே தள்ளப் போறாங்க. பதவி ஏத்தப்ப அத்தான் என் பேருக்கு மாத்திவிட்டாரு, அவ்வளவுதான். நடத்துறது இன்னைக்கும் அவர்தான். கேட்டா, அந்தப் பக்கமே கால் வைக்கலைன்னு சத்தியம் பண்றாரு."

துப்பறிவாளர் அவர் சட்டையை ஒருமுறை முகர்ந்து பார்த்தார். "நாளைக்கு விசாரணை அங்கேதானே? வர்றோம்."

'வர்றோம்' என்றதில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த சகலைக்கு உச்சி குளிர்ந்தது. துப்பறிவாளரின் கொழுந்தியாள் புருஷன் அவர்; துப்பறியப் போகும் இடத்துக்கெல்லாம் கூடப் போகிறவர். நல்ல வழக்கு கிடைக்காமல் இளைத்துப்போயிருந்தார்.

அந்த ஆலையில் எலும்பைக் கொதிக்கவைத்துப் பசை எடுக்கிறார்கள். நாற்றத்தை மிகைப்படுத்துவதாக நினைக்க வேண்டாம்: அந்தத் தெருவுக்குப் பெண் கொடுப்பவர்கள், நிரந்தர ஜலதோஷம் உள்ள பெண்ணாகப் பார்த்துத்தான் கொடுப்பார்கள். காக்கைகள் அடுத்த தெரு வழியாகப் போகும். சகலை வாசலிலேயே கைக்குட்டையைக் கட்டி, அதன்மேல் துண்டையும் சுற்றிக்கொண்டார்.

ஆலை மேஸ்திரியும் மூக்கில் துணி கட்டியிருந்தார். "உங்களுக்குமா?" என்றார் துப்பறிவாளர்.

"பொண்ணு கல்யாணத்துக்கு ஒரு வாரம் லீவு போட்டேன் சார். அதுக்குள்ள இந்த மூக்கு என்னமோ பெரிய வீட்டு மூக்கு மாதிரி நடந்துக்குது. மறுபடி பழக நாலு நாள் ஆகும்."

கொதிகலன் கூடத்தை ஒட்டிய அறையில் எல்லாரும் கூடினார்கள். அமைச்சரின் மைத்துனர் நுழையும்போதே ஒரு வாளியைத் தேடி ஓடினார். விசாரணை அதிகாரியின் உதவியாளர் ஒரு கையால் மூக்கைப் பிடித்துக்கொண்டு மறு கையால் எழுதினார். அமைச்சர் டீயை ரசித்து உறிஞ்சினார். அதிகாரி பிஸ்கட்டை டீயில் நனைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"முதலாளின்னு சொல்றவர் வாளியைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு இருக்காரு," என்று ஆரம்பித்தார் துப்பறிவாளர். "நேத்து என் வீட்டுக்கு வந்தப்பவும் அவர் மேல இந்த வாடை துளியும் இல்லை. வருஷக்கணக்கா கால் வைக்காத அமைச்சரோ நிம்மதியா டீ குடிக்கிறாரு."

"நான் உண்டாக்கின இடம். பழகின மூக்கு," என்றார் அமைச்சர்.

"ஒரே வாரத்துல மேஸ்திரி மூக்கே மறந்துபோச்சுங்க. உங்க மூக்கு மறக்கலைன்னா, நேத்தோ முந்தாநாளோ நீங்க இங்கே இருந்திருக்கீங்க. வந்து வந்து போயிட்டேதான் இருக்கீங்க."

அமைச்சரின் கை டீயோடு நின்றது. வாளிக்கு மேலிருந்து மைத்துனர் தலை நிமிர்ந்தது. சகலைக்குக் கைதட்டத் தோன்றியது. துண்டு அவிழ்ந்துவிடுமே என்று அடக்கிக்கொண்டார்.

"நல்லாத்தான் யோசிச்சிருக்கீங்க," என்றார் அதிகாரி, இன்னொரு பிஸ்கட்டை நனைத்தபடி. "ஆனா எனக்கு ஒண்ணு புரியலை. வாடை, வாடைன்னு சொல்றீங்களே, என்ன வாடை?"

அவர் நடிக்கவில்லை. முகத்தில் உண்மையான சந்தேகம் தெரிந்தது. உதவியாளரின் பேனா நின்றது. சகலை அமைச்சர் மூக்கையும் அதிகாரி மூக்கையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுத் துப்பறிவாளரைப் பார்த்தார். துப்பறிவாளர் தன் கைக்குட்டையை இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தார்.

"சார், அப்போ நான் வீட்டுக்குப் போகலாமா?" என்று கேட்டார் மைத்துனர். அதிகாரி உதவியாளரிடம், மேலே எழுது என்று கைகாட்டினார்.

சாயங்காலம் மைத்துனரைப் போலீஸ் ஜீப்பில் ஏற்றினார்கள். தெருமுனை தாண்டியதும் அவர் நெஞ்சு நிறைய மூச்சிழுத்தார். அன்றைக்கு அவருக்குக் கிடைத்த நியாயம் அவ்வளவுதான்.