துணி விரல்

ஜன்னலோரம் இருந்த தர்பூசணிக் கொடி வெயிலைப் பார்க்காமல் வீட்டுக்குள் திரும்பி நின்றது. காலையில்தான் தொட்டியை வெளிச்சத்துப் பக்கம் திருப்பி வைத்திருந்தாள். ஒரு சட்டைக்குக் காலர் வைத்து முடிப்பதற்குள், இலைகளெல்லாம் மறுபடியும் அவளுடைய தையல் மெஷின் பக்கம் சாய்ந்துவிட்டன. செடிக்கு என்ன தெரியும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு நூலைக் கோக்கப் பார்த்தாள்.

அது சிட்டுவின் கொடி. விதையை முழுங்கினால் வயிற்றில் கொடி முளைக்கும் என்று அப்பா விளையாட்டுக்குச் சொன்னதை அப்படியே நம்பி, ஒவ்வொரு விதையையும் துப்பித் துப்பிக் கவுன் பையில் சேர்த்து வைத்த மகள். காய்ச்சல் அவளைக் கொண்டுபோன பிறகு, துவைக்க எடுத்த கவுனிலிருந்து அந்த விதைகள் உதிர்ந்தன. ஊன்றியதில் ஒன்றுதான் பிழைத்தது. பிள்ளையைப் புதைத்த இடத்தில் இதை நட்டுவிடலாம், பச்சையாகப் படரட்டும் என்று சொன்னதும் தாயான அவள்தான். இப்போது கொடி வளர்ந்துவிட்டது, கொடுக்கத்தான் மனசு வரவில்லை.

வேன் ஓட்டிவிட்டு வந்த கணவன் வாசலிலேயே நின்றான். "இன்னைக்காவது கொண்டுபோயிடலாமா?"

"இன்னும் கொஞ்ச நாள் இருக்கட்டுமே."

"சாப்பிடறதில்ல, தூங்கறதில்ல, அதையே பார்த்துட்டு உக்காந்திருக்கே. எனக்கு மட்டும் வலிக்காதா?" அவன் வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு திரும்பினான். "கீழ வண்டில இருக்கேன். பையில எடுத்து வெச்சுக் கொண்டு வா."

அவன் படியிறங்கும் சத்தம் தேய்ந்ததும் வீடு அமைதியானது. சாயங்கால வெளிச்சம் தரையில் மங்கிக்கொண்டிருந்தது. ஈர மண்ணின் வாசனைக்கு அடியில் இன்னொரு வாசனை கிளம்பியது. மருந்தும் வியர்வையும் கலந்த, காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றி வாசனை.

சிட்டு தூங்க வேண்டுமென்றால் அம்மாவின் ஆள்காட்டி விரல் வேண்டும். இங்கே தைக்க வேண்டிய துணி மலையாய்க் குவிந்து கிடக்கும். அதற்கு அவள் ஒரு தந்திரம் வைத்திருந்தாள். வெட்டுத்துணியை விரல் பருமனுக்குச் சுருட்டித் தைத்து, பிள்ளை கண்ணயர்ந்ததும் தன் விரலை மெல்ல உருவிக்கொண்டு அதை அந்தப் பிடிக்குள் நுழைத்துவிடுவாள். ஒருநாளும் மாட்டிக்கொண்டதில்லை. கடைசியில் பெட்டியை மூடும்போதும் அந்த மஞ்சள் துணி விரலைத்தான் மகளின் கையில் வைத்து அனுப்பினாள். வேறென்ன செய்வாள் பெற்றவள்?

தரையில் சாக்கை விரித்து, தொட்டியைச் சாய்த்துத் தட்டினாள். மண் கட்டியாக வழுக்கி வந்தது. சுற்றிச் சுற்றிப் பின்னிய வெள்ளை வேர்கள். நடுவில் ஏதோ மஞ்சளாக. ஒரு கையால் வேர்களை விலக்கிக்கொண்டு, மறு கையால் இழுத்தாள்.

துணிச் சுருள். அவள் போட்ட கைத்தையல். தன் தையல் தனக்குத் தெரியாதா? தொட்டியில் இருப்பது கறுப்பு மண். துணியில் அப்பியிருந்தது சிவப்பு மண், அந்தக் குழியின் மண்.

அது கையிலிருந்து நழுவியது. வேருக்குள் இருந்த மற்ற கையை எடுக்கப் பார்த்தாள். வரவில்லை.

ஆள்காட்டி விரலை ஏதோ சுற்றியிருந்தது. மெத்தென்று. சுடச்சுட. காய்ச்சல் இன்னும் இறங்கவில்லை.

"சிட்டு?"

பிடி இறுகியது.

கீழே ஹாரன் அடித்தது. அவசரப்படக் கூடாது. பிள்ளை அசரட்டும். இடது கையால் துணி விரலை எடுத்தாள். மெல்ல, மெல்ல, பிடிக்குள் நுழைத்தாள். வேர்கள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன. மூச்சு விட்டாள்.

துணி வெளியே வந்து விழுந்தது. தள்ளிவிட்டிருந்தது. இந்த முறை பிள்ளை ஏமாறவில்லை.

பிடி மணிக்கட்டுக்கு ஏறியது.

கத்தினால் அவன் ஓடி வருவான். வாயைத் திறந்தாள். அழுகைதான் வந்தது. "எங்கயும் போகலடா கண்ணு. அம்மா இங்கதான் இருக்கேன்."

படியில் காலடி. "என்ன பண்றே இவ்வளவு நேரம்? நான் வந்து தூக்கறேன், இரு."

இலைகள் அசைந்தன. இத்தனை நாளில் முதல் தடவையாக, அவளை விட்டுத் திரும்பின. எல்லாம். கதவுப் பக்கம்.

நடக்கும்போது சிட்டுவுக்கு ஒரு கை அம்மாவிடம் இருக்க வேண்டும், மறு கை அப்பாவிடம்.

வராதே என்று சொல்ல நினைத்தாள். அதற்குள் தாழ்ப்பாள் திறந்தது. மண்ணுக்குள்ளிருந்து இன்னொரு சின்னப் பிடி, வெள்ளையாக, விரல்களை விரித்தபடி, வாசலை நோக்கி நீண்டது.