நாலு மணிக்குத் தெரிந்த அறை

"எங்க கடையில இல்லாத ஒரு ரூம், எங்க கேமரா ஸ்கிரீன்ல தெரிஞ்சுது மேடம்," என்றார் நஜ்முதீன். "நாப்பது நாளா தெரிஞ்சுது. நாலு நாளா காணோம்."

விமலன் நிமிர்ந்து உட்கார்ந்தான். பிரிக்ஃபீல்ட்ஸில் இருக்கும் நஜ்முதீனின் ஜவுளிக் கடைக்கும் கிள்ளானில் இருக்கும் அவருடைய இன்னொரு கடைக்கும் நடுவே டனல் போட்டுக் கொடுத்தவன் அவன்தான். டனல் என்றதும் கடப்பாரையையும் மண்ணையும் நினைக்க வேண்டாம். ஊரார் எல்லாரும் போய்வருகிற இணையத்துக்குள்ளேயே இரண்டு கடைகளுக்கு மட்டும் தனியாக ஒரு கற்பனைப் பாதை, அவ்வளவுதான். அதை நடத்துவது விமலனின் மேசைக்கடியில் முனகிக்கொண்டிருக்கும் ஒரு பழைய கணினி. கடையில் விற்கிற ரௌட்டர் பெட்டி செய்யும் வேலையை அதில் ஒரு மென்பொருள் செய்தது. ஒவ்வொரு டனலுக்கும் ஓர் எண் உண்டு. எண்ணைப் பார்த்து அது அந்தந்தக் கடைச் சரக்கை அந்தந்தக் கடையில் சேர்க்கும்.

"எவனோ எங்கிருந்தோ உள்ள பூந்திருக்கான். டனல் போட்டவன் கையிலதான சாவி இருக்கு?" நஜ்முதீன் விமலனைப் பார்க்காமலே சொன்னார். "அந்த ரூம் எங்க இருக்கு, ஏன் காணாம போச்சுன்னு வெள்ளிக்கிழமைக்குள்ள எனக்குத் தெரியணும். இல்லன்னா போலீஸ் பாலாய்ல ரிப்போர்ட் போட்டுருவேன். தம்பி பேரைத்தான் கொடுப்பேன்."

அன்று புதன்கிழமை. காவல் நிலையத்தில் ஒரு முறை பெயர் ஏறினால் போதும், பிறகு எந்தக் கடைக்காரரும் தன் கடைக் கம்பியைத் தொட விடமாட்டார் என்பது விமலனுக்குத் தெரியும். பத்து வருடங்களில் சேர்த்த நல்ல பெயர். அவன் கை தானாகவே விசைப்பலகைக்குப் போயிற்று.

"பொறு விமலன்," என்றார் குணபூசணி. "முதல்ல கேப்போம்."

குணபூசணி அரசாங்கத் தொலைத்தொடர்பு இலாகாவில் இருபது வருடம் கம்பிகளின் கோளாறைக் கண்டுபிடித்தவர். அங்கே வேலையை விட்டுவிட்டு, இந்த மாடியறையில் விமலனோடு கூட்டாகத் தொழில் நடத்துகிறார். இணையம் எங்கே மக்கர் செய்தாலும் அவரைத்தான் தேடி வருவார்கள். முழுக் கதையையும் கேட்காமல் கணினியைத் தொடமாட்டார். விமலனோ ஆள் நாற்காலியில் உட்காரும் முன்பே கணினித் திரையில் நான்கு ஜன்னல்களைத் திறந்து வைத்திருப்பான். கீழே பூக்கடை. மதியம் முழுக்க மல்லிகை வாசம் படியேறி வந்து இருவரையும் லேசாகத் தாலாட்டும். மோனோரயில் போகும்போது மட்டும் விழித்துக்கொள்வார்கள்.

"கடைக்குப் போய் அந்த ஸ்கிரீனைப் பார்ப்பமா?" என்றார் குணபூசணி.

நஜ்முதீனின் அலுவலக அறை புடவைக் கடைக்கு மேல்மாடியில் இருந்தது. வாசலில் நின்ற வேனின் எண் 786. அவர் விசிட்டிங் கார்டில் தொலைபேசி எண்ணின் கடைசி மூன்று இலக்கமும் அதுவே. பில் புத்தகத்தின் தலையிலும் அதையே அச்சடித்திருந்தார். 'பிஸ்மில்லாஹ்' வாசகத்தின் எழுத்துகளைக் கணக்கிட்டால் வரும் எண் என்று அதைப் போற்றும் குடும்பங்கள் உண்டு. கார் எண்ணுக்காக வருடக்கணக்கில் காத்திருப்பவர்களையும் விமலன் பார்த்திருக்கிறான். குணபூசணி வேனுக்கு முன்னால் ஒரு நிமிடம் நின்றுவிட்டுப் படியேறினார். விமலனுக்குப் பொறுமை போயிற்று.

அறையில் ஒரு பெரிய திரை. ஓரத்தில் இரண்டு கடைகளின் கேமராக்களும் சின்னச் சின்னக் கட்டங்களாகத் தெரிந்தன. நடுவில் ஒரே ஒரு கட்டம் பெரிதாக, வெறும் கறுப்பாக இருந்தது. திரைக்கு நேர் எதிரே மெத்தை அழுங்கிப்போன ஒரு நாற்காலி. அதன் கைப்பக்கத்து மேசையில் தேநீர்க் கிளாஸின் வட்டக் கறைகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்திருந்தன. திரைக்கு மேலே, நாற்காலியைப் பார்த்தபடி ஒரு கேமரா.

"இது?" என்று குணபூசணி அந்தக் கேமராவைக் காட்டினார்.

"ஆபீஸ் அலமாரிக்காக வெச்சது. முப்பது வருஷமா நாலு மணிக்கு மேல வந்து ஒரு தே குடிப்பேன். மத்த நேரம் இங்க ஆளிருக்காதுல்ல."

அவர் பதிவு ஒன்றை ஓட்டிக் காட்டினார். விமலன் திரையை நெருங்கிப் போனான்.

வெளிர்பச்சைச் சுவர். பக்கத்து ஜன்னலில் தென்னை ஓலையின் நிழல் ஆடியது. மாலை வெயில் பாலில் கரைத்த மஞ்சள்போல அறையெங்கும் நின்றது. அறுபதைத் தாண்டிய ஒரு பெண்மணி, தலையில் வெள்ளை முக்காடு, மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து தாம்பாளத்தில் பெருஞ்சீரகம் பொறுக்கிக்கொண்டிருந்தார். மேசைக்குக் கீழே எதுவும் தெரியவில்லை. சத்தம் கிடையாது. விரல் மட்டும் நகர்ந்தது. அடிக்கடி நிமிர்ந்து கேமராவுக்குப் பக்கத்தில் எதையோ பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, பிறகு நினைவு வந்தவர்போல மறுபடி சீரகத்துக்குத் திரும்பினார். பத்து நிமிடம் பார்த்த விமலனுக்குப் பத்து வருடம் அந்த அறையில் குடியிருந்ததுபோல இருந்தது.

"கரெக்டா நாலு மணிக்கு வருவாங்க," என்றார் நஜ்முதீன். "இடது முட்டி சரியில்ல, மெதுவாத்தான் உக்காருவாங்க. அசர் தொழுகைக்குப் பாங்கு சொன்னதும் எந்திரிச்சுப் போயிருவாங்க."

"ஓம்," என்றார் குணபூசணி, தன் யாழ்ப்பாணத்துத் தகப்பனாரிடமிருந்து மிச்சம் வைத்திருக்கும் ஒரே சொல்லால். வேறெதுவும் கேட்கவில்லை.

திரும்பி வரும் வழியெல்லாம் விமலன் பொரிந்து தள்ளினான். "ஹேக்கிங்தான்கா. பாஸ்வேர்ட் உடைச்சிருக்கான். எல்லாப் பதிவையும் பார்த்தா ஆளு மாட்டிக்குவான் லா."

"திருட வர்றவன் எதையாவது எடுப்பான் விமலன். இவன் ஒரு ரூமைக் கொண்டுவந்து வெச்சிட்டுப் போயிருக்கான்," என்றார் அவர். "அப்படி ஒரு திருடனை நான் பார்த்ததில்லை."

அலுவலகத்தில் அவர் முதலில் திறந்தது டனல் பதிவேட்டை. எந்தக் கடைக்கு எந்த எண் என்று விமலன் பேனாவால் எழுதி வைத்திருக்கும் நீளமான நோட்டு. நஜ்முதீனின் பெயருக்கு நேரே 14 என்று இருந்தது.

"இப்ப ரௌட்டரைக் கேள். பதினாலுல யாரார் இருக்காங்க?"

விமலன் தட்டினான். பதினாலாம் எண்ணில் ஒருவருமே இல்லை. கடையில் வியாபாரம் என்னவோ நன்றாகத்தான் நடந்துகொண்டிருக்கிறது. அவன் மறுபடி தட்டிப் பார்த்தான்.

"டனல் திறந்த அன்னைக்கு என்ன நடந்தது?"

அவன் யோசித்தான். அன்றைக்குக் கடையில் பிரியாணி போட்டார்கள். இரண்டாவது தட்டு வந்தபோது நஜ்முதீன் பக்கத்தில் உட்கார்ந்து, "தம்பி, அந்த டனலுக்கு நம்ம நம்பரைப் போட்டுக் குடேன், மனசுக்கு நிம்மதி," என்றார். வாய் நிறைய சோறு. எப்படி மறுப்பது? இடது கையாலேயே இரண்டு முனையிலும் 14 ஐ 786 ஆக மாற்றினான். பதிவேட்டில் மாற்ற மறந்துபோனான். ஆறு மாதமாக மறந்திருந்தான்.

"786 ஐக் கேள்," என்றார் குணபூசணி மெதுவாக.

நஜ்முதீனுக்கு இரண்டு கடைகள். 786 இல் நான்கு முனைகள் இருந்தன. பிரிக்ஃபீல்ட்ஸ், கிள்ளான், காஜாங், தெலுக் பங்லிமா காராங்.

"இந்த ரெண்டும் யாரு?" விமலன் கடைசி இரண்டு பெயர்களைத் தொட்டுக் காட்டினான். "யார்க்கா உள்ள விட்டது?"

"நான்தான்," என்றார் குணபூசணி. "நீ பினாங்குக்குக் கல்யாணத்துக்குப் போன வாரம். தெலுக்ல வீட்டோட சேர்த்து மசாலாத் தூள் தொழிற்சாலை வெச்சிருக்கிற ஹாசிம்னு ஒருத்தர் போன் பண்ணார். காஜாங்ல அவருக்கு ஒரு கடை. எனக்கு 786 தான் வேணும்னு ஒத்தைக் கால்ல நின்னார். பதிவேட்டைப் பார்த்தேன், அந்த எண் யார்கிட்டயும் இல்லை. கொடுத்தேன். பதிவேட்டை நம்பி ரௌட்டரைக் கேக்காம விட்டது என் பிழை. அதுவும் நாப்பத்தஞ்சு நாளைக்கு முன்னால."

ஒரே எண் இருந்தால் ரௌட்டருக்கு எல்லாம் ஒரே வீடுதான். ஒரே வீட்டில் புதிதாக எந்தக் கேமராவைக் கண்டாலும் இந்த ரகப் பதிவுப் பெட்டிகள் கேட்காமலே திரையில் காட்டிவிடும். யாரும் உடைக்கவில்லை, யாரும் புகவில்லை. விமலனுக்கு அழுகை வரும்போல இருந்தது. தப்பு அவனுடையதுதான். ஆனால் குற்றம் கிடையாது.

குணபூசணி ஹாசிமிடம் தொலைபேசியில் பேசினார். ரொம்ப நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு முறை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வைத்ததும், "வா, நாலு மணிக்குள்ள கடைக்குப் போயிருவோம்," என்றார்.

நஜ்முதீன் அந்த நாற்காலியில்தான் இருந்தார். கறுப்புக் கட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

குணபூசணி எதிரில் உட்கார்ந்து நடந்ததை ஒளிக்காமல் சொன்னார். பிரியாணி, பதிவேடு, தன் கவனக்குறைவு எல்லாவற்றையும். "ரிப்போர்ட் போட்டா என் பேரையும் சேர்த்துக் கொடுங்க பாய். ஆனா நீங்க போட மாட்டீங்க."

"ஏன்?"

"ரூம் தெரிஞ்ச நாப்பது நாளும் நீங்க எங்களைக் கூப்பிடலை. காணாமப் போன பிறகுதான் வந்தீங்க. தொல்லைன்னு நினைச்சிருந்தா முதல் நாளே வந்திருப்பீங்க. அந்தக் கட்டத்தை நடுவில பெரிசா வெச்சிருக்கீங்க, இன்னும் சின்னதாக்க மனசு வரலை. அப்புறம் அந்த அம்மாவுக்கு இடது முட்டியில வலின்னு சொன்னீங்க. படத்தில மேசைக்கு மேலதான் தெரியுது. கால் தெரியவே இல்லை."

நஜ்முதீன் கறுப்புக் கட்டத்தின் பக்கம் திரும்பினார். கீழே யாரோ புடவைக்கு விலை கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"786 வேணும்னு நீங்களும் கேட்டீங்க, ஹாசிமும் கேட்டார். உங்க வாப்பாவோட வேன் நம்பர்னு அவர் சொன்னார். அவர் உங்க தம்பி. அந்த அம்மா உங்க மூத்த சகோதரி மைமூன்."

"லாத்தா," என்றார் நஜ்முதீன். "ஹாசிம் நிக்காஹ்வுக்கு நான் போகல. எனக்குப் பிடிக்காத சம்பந்தம். லாத்தா அவன் கூடப் போயிட்டாங்க. இனிமே என் வாசப்படி மிதிக்காதீங்கன்னு நான்தான் சொன்னேன். ஏழு வருஷம். உம்மா போன பிறகு எங்களுக்குச் சோறு போட்டு வளர்த்தவங்க மேடம். திடீர்னு ஒரு நாள் ஸ்கிரீன்ல வந்து உக்காந்துட்டாங்க. நாலு நாளா காணோம். போன் பண்ணி, இல்லன்னு சொல்லிட்டா நான் என்ன பண்றது?"

விமலனுக்கு அப்போதுதான் புரிந்தது. போலீஸ், ரிப்போர்ட் என்றதெல்லாம் பயத்துக்குப் போட்ட சட்டை. மனிதர் கேட்க வந்தது ஒரே கேள்விதான்.

"இருக்காங்க," என்றார் குணபூசணி. "டெங்கி. மூணு நாள் ஆஸ்பத்திரி. நேத்து வீட்டுக்கு வந்துட்டாங்க. அந்த ரூம்லதான் படுக்கை போட்டிருக்காங்க, அதனால கேமராவை நிறுத்தி வெச்சிருக்கார் ஹாசிம்."

நஜ்முதீன் முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டு அழுதார். விமலன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"இன்னொன்னு இருக்கு பாய். ஒரே வீடுன்னா ரெண்டு பக்கமும்தானே தெரியும்? அவங்க ரூம்ல கேமராவுக்குப் பக்கத்தில ஒரு ஸ்கிரீன் இருக்கு. நாப்பது நாளா அங்கயிருந்தும் யாரும் எனக்குப் புகார் சொல்லலை. ஏன்னு இன்னைக்குத்தான் ஹாசிம் சொன்னார். லாத்தா ஒரு நாள் நாலு மணிக்கு அதில ஒருத்தர் தே குடிக்கிறதைப் பார்த்திருக்காங்க. மறுநாள் மேசையை அங்க இழுத்துப் போடச் சொல்லிட்டாங்களாம். மசாலா பொறுக்கணும்னு சாக்கு."

நஜ்முதீன் திரைக்கு மேலிருந்த கேமராவை அண்ணாந்து பார்த்தார். நாற்பது நாட்கள் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்திருந்திருக்கிறார்கள், ஒருவர் தேநீரோடு, ஒருவர் சீரகத்தோடு. தன்னைப் பார்க்கிறார்கள் என்று இருவருக்குமே தெரியாது.

"இனி ரெண்டு டனலையும் பிரிக்கணும்," என்றார் குணபூசணி. "யாராவது ஒருத்தர் நம்பரை விட்டுக்கொடுக்கணும்."

"லாத்தா இருக்குற இடத்துலயே இருக்கட்டும்," என்று எழுந்தார் நஜ்முதீன். வேன் சாவியைத் தேடினார். "எனக்கு ஏதாவது ஒரு நம்பர் போடு தம்பி. இப்ப கிளம்புனா தெலுக்குக்கு ரோட்டுல ஜேம் இருக்குமா?"

"நல்லாவே இருக்கும் பாஸ்."

"பரவால்ல லா."

மறுநாள் மாலை பிரித்துப் போடும் வேலைக்காக விமலன் அந்த அழுங்கிய நாற்காலியில் உட்கார்ந்தான். சோதனைக்காக ஹாசிமிடம் சொல்லிக் கேமராவைப் போடச் சொல்லியிருந்தார் குணபூசணி. சரியாக நாலு மணிக்குக் கறுப்புக் கட்டம் வெளிர்பச்சையாயிற்று.

மைமூன் லாத்தா சால்வையைப் போர்த்திக்கொண்டு மேசையில் இருந்தார். கொஞ்சம் இளைத்திருந்தார். பக்கத்தில் இன்னொரு தாம்பாளம். அதில் நஜ்முதீன் சீரகம் பொறுக்கிக்கொண்டிருந்தார். நல்ல சீரகத்தையும் சேர்த்துத் தள்ளினார் போலும், லாத்தா அவர் கையில் பட்டென்று ஒரு அடி போட்டார். அவர் சிரித்தார். தென்னை நிழல் இருவர் மேலும் ஆடியது.

"மாத்தட்டுமாக்கா?" என்றான் விமலன். மனசே வரவில்லை.

"மாத்து. அது அவங்க வீடு."

அவன் விசையைத் தொட்ட நேரம், லாத்தா வழக்கம்போல நிமிர்ந்து அந்தப் பக்கத்துத் திரையைப் பார்த்தார். தம்பியின் நாற்காலியில் வேறு யாரோ உட்கார்ந்திருப்பதைக் கண்டு நஜ்முதீனின் தோளைத் தொட்டுக் காட்டினார். இருவரும் சேர்ந்து விமலனைப் பார்த்தார்கள். நஜ்முதீன் கையை உயர்த்தினார்.

விமலனும் கையை உயர்த்திவிட்டு விசையைத் தட்டினான். கட்டம் கறுத்தது.

பிறகு பதிவேட்டை எடுத்துப் பேனாவைத் திறந்தான். எழுத வேண்டியிருக்கவில்லை. நஜ்முதீனின் பெயருக்கு நேரே 14 என்று முன்பே இருந்தது.