ஒன்பதாவது தொட்டியின் கதவு

படகை வாடகைக்கு விட்டவர்கள் சாவியைக் கொடுத்தபோது டிரைவர் கேட்ட முதல் கேள்வியே, பிரேக் எங்கே என்பதுதான். அப்படி ஒன்று கிடையாது என்றார்கள்.

"பிரேக் இல்லாத வண்டிய என்னை நம்பிக் குடுக்கறாங்க பாரு" என்று மனைவியிடம் சொல்லிச் சிரித்தார். மனுஷர் இருபத்து நாலு வருஷம் டவுன் பஸ் ஓட்டியவர்.

அவளும் சிரித்து வைத்தாள். ஆனால் மனசெல்லாம் படகுக் கூரைமேல் சைக்கிளைக் கட்டிக்கொண்டிருந்த தம்பியிடம்தான் இருந்தது. ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் எடுக்கிற வேலையில் ஒரு வாரம் லீவு போட்டு, கோடைக்கு வெளிநாடு, கால்வாயில் படகு, கரையோரம் சைக்கிள் என்று அவள் திட்டம் போட்டதே இந்த இரண்டு ஆண்பிள்ளைகளையும் முகம் கொடுத்துப் பேச வைக்கத்தான்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் தம்பிக்குப் பெண் பார்க்கப் போன இடத்தில் டிரைவர் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. "எங்க மாப்ள கண்ணாடியக் கழட்டிட்டா பொண்ணு யாரு, பொண்ணோட அம்மா யாருன்னு தெரியாது" என்று சொல்லி அவரே சிரித்தார். பெண் வீட்டில் ஒருவரும் சிரிக்கவில்லை. சம்பந்தம் முறிந்தது. கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிற தம்பி அன்றிலிருந்து அவரை மாமா என்று கூப்பிடுவதை விட்டான். அவரும் மன்னிப்புக் கேட்கிற ஜாதி இல்லை.

அதனால் எல்லாப் பேச்சும் இவள் வழியாகத்தான். ஒரு ஆள் படுத்தால் மறு ஆள் தாண்டிப்போக முடியாத அந்தப் படகில், தோளோடு தோள் இடித்துக்கொண்டு உட்கார்ந்து, "அக்கா, உப்பு டப்பாவை இந்தப் பக்கம் தள்ளச் சொல்லு" என்பான் தம்பி. "கையில என்ன சுளுக்கான்னு கேளு" என்பார் அவர். அவளுக்குத் தலை வெடித்துவிடும் போலிருந்தது.

கால்வாய் மேடேறுகிற இடங்களில் படகைத் தூக்கிவிடக் கல்தொட்டிகள் இருந்தன. கீழ்க் கதவு வழியாக உள்ளே போய், அதைச் சாத்திவிட்டுத் தண்ணீர் விட்டால் படகு மேலே வரும். பிறகு மேல் கதவு வழியாக வெளியேற வேண்டியதுதான். தம்பி சைக்கிளில் முன்னால் போய்க் கதவைத் தயார் செய்வான். படகு வெளியேறியதும் இறங்கி மேல் கதவைச் சாத்துவது டிரைவர் வேலை. எட்டுத் தொட்டிகள் இப்படிச் சிக்கலில்லாமல் கழிந்தன.

ஒன்பதாவது தொட்டியில் ஒரு காவல்காரர் இருந்தார். தம்பியை ஓரமாக அழைத்து ஏதோ சொல்லிவிட்டு, பட்டப்பகலில் தன் அறைக்குள் போய் ஜன்னலைச் சாத்திக்கொண்டார்.

"அக்கா, இந்த மேல் கதவை மட்டும் சாத்தாம வரவே கூடாதாம். பின்னாடி எந்தப் படகு வந்தாலும் சரியாம். அவர்கிட்ட சொல்லிடு. அடுத்தது சுரங்கம், உள்ள பாதை இல்லை. நான் மேட்டுமேல சுத்தி அந்தப் பக்கம் வந்துடறேன்."

"நீயே சொல்லு. எனக்கென்ன, தபால் கொண்டு போறதா வேலை?"

தம்பி முகத்தைச் சுளித்துக்கொண்டு சைக்கிளை மிதித்தான். அவளும் வீம்பாக வாயை மூடிக்கொண்டாள். ஒரு தடவையாவது இவர்கள் நேருக்கு நேர் பேசட்டுமே என்றுதான்.

படகு மேலே வந்தது. வெளியேறும்போது டிரைவர் திரும்பிப் பார்த்தார். கீழே, சாத்திய கீழ்க் கதவுக்கு அந்தப் பக்கம், ஒரு கறுப்புப் படகு வந்து நின்றிருந்தது. அதன் பின்பக்கம் யாரோ அசையாமல் நின்றார்கள்.

"பாவம், அவசரம் போல. திறந்தே இருக்கட்டும். ஓடி வர்றவனுக்கு முன்னாடி நான் என்னைக்குக் கதவை மூடியிருக்கேன்?"

சொல்ல அவள் வாயெடுத்தாள். காவல்காரரின் பேச்சையெல்லாம் பெரிதாக எடுத்துக்கொள்வானேன் என்று தோன்றியது. சொல்லவில்லை.

சுரங்க வாய்க்கு வந்தபோது மறுபடி திரும்பினாள். கறுப்புப் படகு இருபதடி தூரத்தில் வந்துகொண்டிருந்தது.

கீழ்க் கதவு திறக்கவே இல்லை. அது எப்படி மேலே ஏறியது?

உள்ளே நுழைந்ததும் வெயில் அறுந்துபோனது. படகின் ஒற்றை விளக்கில் ஈரச் செங்கல் மட்டும் தெரிந்தது. வெகுநாள் மூடிக் கிடந்த தண்ணீர்த் தொட்டியைத் திறந்தது போல ஒரு வாடை. தங்கள் இன்ஜின் சத்தம் சுவரில் மோதித் திரும்பியது. பின்னால் வந்ததற்குச் சத்தமும் இல்லை, விளக்கும் இல்லை. தண்ணீர் விலகுகிற சலசலப்பு மட்டும் நெருங்கி நெருங்கி வந்தது.

பிறகு, பின்னாலிருந்து, மிக மெதுவாக ஒரு குரல்.

"மாமா..."

தம்பியின் குரல்.

"மாமா, நிறுத்துங்க. நானும் ஏறிக்கறேன்."

டிரைவரின் கை வேக விசையில் அப்படியே நின்றது. "பேசிட்டான்டி" என்றார். "மூணு வருஷம் கழிச்சு மாமாங்கறான்." வேகத்தைக் குறைத்தார்.

அவளுக்குச் சட்டென்று உறைத்தது. தம்பி மேட்டுமேல் அல்லவா போய்க்கொண்டிருக்கிறான்?

"அது அவன் இல்லீங்க. நிறுத்தாதீங்க."

"மாமா, கதவைத் திறந்து வச்சீங்களே. இப்ப ஏன் போறீங்க?"

படகின் பின்விளிம்பில் ஈரமான எதுவோ பற்றியது. படகு தாழ்ந்தது.

அவள் அவர் கையைப் பிடித்து விசையை முழுக்கத் தள்ளினாள். படகு சுவரில் உரசி, ஜன்னல் கண்ணாடி ஒன்று நொறுங்கி, வெளிச்சத்தை நோக்கிப் பாய்ந்தது. பின்விளிம்பு மெல்ல மேலே எழும்பியது.

வெளியே பளீரென்று வெயில். கரையில் சைக்கிளோடு ஒருவன் நின்று இரண்டு கையையும் ஆட்டினான்.

"மாமா! நிறுத்துங்க மாமா, கரையில இறங்கிடுங்க, பின்னாடி அது வருது!"

"நிறுத்தாதீங்க" என்று அவள் கத்தினாள். "என் தம்பி உங்களை அப்படிக் கூப்பிடவே மாட்டான்!"

டிரைவர் பல்லைக் கடித்துக்கொண்டு நேராகப் பார்த்தார். படகு அவனைத் தாண்டியது. அவன் சைக்கிளைப் போட்டுவிட்டுக் கூடவே ஓடி வந்தான். அப்போது மூக்கில் சரிந்த கண்ணாடியை மணிக்கட்டால் மேலே தள்ளினான். சின்ன வயசிலிருந்து அவன் அப்படித்தான் தள்ளுவான்.

அவன்தான். மேட்டுமேலிருந்து கறுப்புப் படகு பின்னால் வருவதைப் பார்த்துவிட்டு, வீம்பையெல்லாம் விட்டு, மாமா என்று கூப்பிட்டவன் அவன்தான்.

"ஐயோ, நிறுத்துங்க. நம்ம பையன்தாங்க."

டிரைவர் விசையைப் பின்னால் இழுத்தார். இன்ஜின் கதறியது. படகு போய்க்கொண்டே இருந்தது.

தம்பி மூச்சு வாங்கி நின்றுவிட்டான். அவன் முகம் வாடிப்போனதை அவள் சாகிறவரை மறக்கமாட்டாள். சுரங்கத்திலிருந்து கறுப்புப் படகு ஓசையில்லாமல் வெளியே வந்து அவன் பக்கத்தில் ஒதுங்கியது. அதிலிருந்து வந்த குரல் தண்ணீர்மேல் தெளிவாகக் கேட்டது. அவள் புருஷனின் குரல்.

"தப்பு என்னுதுதான் மாப்ள. ஏறிக்கோ."

டிரைவர் தன் வாயைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

தம்பி முகம் மலர்ந்தது. மூன்று வருஷமாகக் காத்திருந்த பேச்சு அது; எந்தப் படகு என்றுகூடப் பார்க்காமல் காலைத் தூக்கி வைத்தான்.

சைக்கிள்தான் கிடைத்தது. கால்வாயின் தண்ணீரை இறக்கி இரண்டு நாள் தேடினார்கள்.

ஊர் திரும்பி நாலு மாசம் ஆகிறது. டிரைவர் வேலைக்குப் போவதில்லை. வாசலைப் பார்த்தபடி நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். இன்றைக்குச் சாயங்காலம் அவள் பாத்திரம் கழுவி முடித்தாள். சிங்க்கில் தேங்கிய தண்ணீர் சுழன்று இறங்கியது. அந்த வாடை வந்தது. ஓட்டைக்குள்ளிருந்து கேட்டது.

"அக்கா, கதவைப் பத்தி அவர்கிட்ட சொன்னியா?"

அவள் கையிலிருந்த தட்டு விழுந்தது.

ஹாலில் நாற்காலி நகர்ந்தது. "மாப்ள வந்துட்டான்டி" என்று டிரைவர் அழுகிற குரலில் சொன்னார். "இந்தத் தடவை நான் நிறுத்திட்டேன்னு சொல்லு."

அவள் ஓடுவதற்குள் தாழ்ப்பாள் விலகும் சத்தம் கேட்டது.