மூன்று குருவித் தோரணம்

மூன்றுதான். நான்கல்லவா இருக்க வேண்டும்? கொழும்பிலிருந்து வந்த யாரோ படத்தைப் பார்த்துக் கட்டியிருப்பார்கள். எனக்கென்ன, பத்து நாள் கடலைப் பார்த்துவிட்டுப் போகிறவள்.

விடுதி வாசலில் தொங்கிய குருத்தோலைத் தோரணத்தை அண்ணாந்து பார்த்தபடி பிரஷாந்தி தனக்குள் இப்படித்தான் சொல்லிக்கொண்டாள். ஓலையை மடித்துப் போடும் குருவி முடிச்சு, ஒரு தொங்கலில் நான்கு இருந்தால் கல்யாணவீடு. மூன்று இருந்தால் செத்தவீடு. இந்தப் பக்கத்துப் புளியந்தீவில் பிறந்தவள் அவள். இருபத்திரண்டு வருடம் லண்டனில் இருந்த பிறகும் கண் தானாகவே எண்ணிவிட்டது.

மாரி தொடங்கியிருந்ததால் வேறு விருந்தாளிகள் இல்லை. வாவிக்கும் கடலுக்கும் நடுவே கிடந்த அந்த மணல்திட்டில் ஆறாவது விடுதிக்கு அத்திவாரம் வெட்டிக்கொண்டிருந்தார்கள். வரவேற்பறையில் நிரப்பக் கொடுத்த படிவத்தில், அவசரத்துக்கு யாருக்கு அறிவிக்க வேண்டும் என்ற இடத்தில் பேனா நின்றது. அம்மா போய் மூன்று வருடம். கணவன் பிரிந்து ஏழு. வெறுமையாகவே விட்டுக் கொடுத்தாள்.

மறுநாள் தோரணம் நடைபாதை நெடுக வந்திருந்தது. அதற்கடுத்த நாள் பக்கத்து அறையின் முகப்பு வரை. கட்டுகிற ஆளை அவள் காணவில்லை; மழை இரைச்சலுக்குள் எங்கோ ஈர ஓலை கிழிபடும் நீண்ட சத்தம் மட்டும் கேட்டது, நின்றது, இன்னும் கொஞ்சம் கிட்டத்தில் மறுபடி கேட்டது.

அறை கூட்ட வந்த சின்னத்தங்கத்திடம் சிரித்துக்கொண்டே சொன்னாள். சின்னத்தங்கத்துக்கு ஐம்பது வயது மதிக்கலாம். விடுதிச் சீருடையின் கரை எப்போதும் நனைந்தே இருக்கும்.

"அக்கா, தோரணம் பிழை. செத்தவீட்டுக் கட்டு."

சின்னத்தங்கம் விளக்குமாற்றை நிறுத்தினாள்.

"எண்ணிப் பாத்தீங்களா மிஸ்?"

"ஓம். மூண்டுதான்."

"சீசனுக்கு வாற வெள்ளைக்காரர் அதுக்குக் கீழ நிண்டு பல்லக் காட்டிப் போட்டோ எடுக்காங்க. மெனேச்சருக்கு ஓலையும் ஒண்டு, பிளாஸ்டிக்கும் ஒண்டு." மெல்லச் சிரித்தாள். "இத்தனை வருசத்தில எண்ணின ஆள் நீங்கதான்."

அந்தச் சிரிப்பில் ஏதோ நிம்மதி இருந்தது. அதுதான் பிரஷாந்தியை உறுத்தியது.

நான்காம் நாள் பின்னேரம் கடற்கரையில் நடந்துவிட்டுத் திரும்பும்போது மின்சாரம் போயிருந்தது. வரவேற்பறையில் ஆளில்லை. அத்திவாரம் வெட்டுகிற இடத்தில் இயந்திரம் ஓயவில்லை; இருந்தும் ஓட்டுகிறவன் இருக்கை காலி. நடைபாதையில் தோரணம் அசையாமல் தொங்கியது. காற்று அடித்துக்கொண்டிருந்தது. ஆனாலும் அது அசையவில்லை.

அவளுடைய கதவு நிலையிலும் மூன்று குருவி.

கதவு திறந்து கிடந்தது. சாம்பிராணி வாசம், அதற்கடியில் வாவிச் சேற்று வாடை. கட்டிலைத் திருப்பிப் போட்டிருந்தார்கள். தலைமாடு தெற்கே, பிணத்தைக் கிடத்துவது போல. வெள்ளை விரிப்பு. தலைமாட்டில் ஒற்றைத் திரி விளக்கு.

சுற்றிவரப் பெண்கள். தரையில். தலைவிரி கோலமாக. முடியிலிருந்து தண்ணீர் சொட்டியது. ஒருத்தியும் நிமிரவில்லை.

கட்டில் காலி.

"வாங்க புள்ள," என்றாள் சின்னத்தங்கம். மிஸ் என்று சொல்லவில்லை. "இஞ்ச நூத்திப் பத்து வீடு இருந்த. சுனாமி ஞாயிறு காலம்பற எல்லாம் போயிற்று. ஒரு உடம்பும் கிடைக்கல்ல. உடம்பில்லாம என்னெண்டு செத்தவீடு செய்யிற?"

பிரஷாந்தி காலிக் கட்டிலைப் பார்த்தாள்.

"ஒரு உடம்பு போதும். முழு ஊருக்கும் ஒண்டு. அந்தக் கடுதாசியில நீங்க ஆரையும் எழுதல்லயே. உங்களத் தேடி ஆர் வரப்போறா? இஞ்ச பாருங்க, எவ்வளவு பேர் அழ இருக்கம். படுங்க புள்ள."

விரிப்பு சுத்தமாக இருந்தது. தலையணையில் தலை வைக்கும் பள்ளம்கூட இருந்தது. லண்டனில், தான் செத்துக் கிடந்தால் எத்தனை நாளில் கதவை உடைப்பார்கள் என்று அவள் கணக்குப் பார்த்த இரவுகள் உண்டு. இங்கே இத்தனை பேர். ஒரு கணம், ஒரே ஒரு கணம், கால் முன்னே போகப் பார்த்தது.

போகவில்லை.

பின்னேயும் போகவில்லை.

பாதத்தில் ஈரம். குளிர். குனிந்து பார்த்தாள். இரண்டு காற்பெருவிரலையும் சேர்த்து பிணத்துக்குக் கட்டுவது போல வெள்ளைத் துணிக்கீலம் கட்டியிருந்தது. முடிச்சு இறுகி, நனைந்து, பழசாக.

பெண்கள் ஒவ்வொருத்தியாக முகத்தை நிமிர்த்தத் தொடங்கினார்கள்.

"படுங்க," என்றாள் சின்னத்தங்கம், பிள்ளைக்குச் சொல்வது போல.

"மாட்டன்," என்றாள் பிரஷாந்தி மெதுவாக, கட்டின காலோடு நின்றபடியே.